பொதிகை உச்சியில் ஒரு காந்தம்

1855-ஆம் ஆண்டு பொதிகை உச்சியில் ஒரு காந்தத்தைப் பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். கடல்மட்டத்திலிருந்து 6,200 அடி என்று அன்று கணக்குச் சொன்னார்கள். இன்றைய அளவு 1,868 மீட்டர். தொங்கவிட்டவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்துக்கு 1852-ல் இயக்குநராக வந்தவர். யானை நடமாடும் காட்டுக்குள் தடம் வெட்டி, கட்டடச் சாமான்களையும் கருவிகளையும் ஆள்சுமையாக ஏற்றி, உச்சியில் ஒரு நிலையம் அமைத்தார். அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் வானிலை நிலையம் வந்தது 1873-ல். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் வந்தது 1883-ல். பிரவுன் பிறந்த நாட்டின் மலைக்கே 28 ஆண்டுகள் முன்னோடியாகத் தாமிரபரணி பிறக்கும் மலை இருந்திருக்கிறது. அகத்தியரும் சந்தனமும் தென்றலும் என்று பொதிகையைப் பற்றி எவ்வளவோ பேசுகிற நாம் இதை மட்டும் பேசாமல் விட்டுவிட்டோம்.

இன்று உலகின் பல நாடுகளில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் சின்னப் பெட்டி ஒன்றையும் பேட்டரியையும் முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். 2002-ல் பிரிட்டனில் தொடங்கிய ஒரு திட்டம் இதற்கு விதிமுறைகள் வகுத்தது. அமெரிக்கத் தென்மேற்கின் பாலைவனக் குன்றுகளில், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காத மொட்டைப் பாறையில், தூண்டில் கம்பு போன்ற ஒரு கம்பை நட்டு, அதிலிருந்து பத்து மீட்டர் நீளக் கம்பியை இழுத்துக் கட்டி, ஐந்து வாட் சக்தியில் கண்டம் தாண்டிப் பேசுகிறார்கள். மலையேறுகிறவர்களின் வீரவிளையாட்டுக்கு ஒரு கிளை என்றே இதைப் பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. உச்சிக்குக் கருவி கொண்டுபோகும் இந்த வேலையின் உண்மையான முன்னோர் மலையேறிகள் இல்லை, பிரவுன் போன்றவர்கள்தான். அந்த வேலையின் பொருள் உயரத்தில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி, கீழே வேறொரு கருவி அதே நேரத்தில் கண்விழித்துக் காத்திருப்பதில் இருக்கிறது. அந்த விளையாட்டின் விதியே இதற்குச் சாட்சி. உச்சியில் நின்றுவிட்டால் மதிப்பெண் கிடையாது. குறைந்தது நான்கு நிலையங்களாவது பதில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு அந்த மெல்லிய குரலைப் பிடித்தவருக்கும் மதிப்பெண் உண்டு.

உச்சியை இப்படி இணையாகப் பார்க்கும் பழக்கம் தென்னாட்டுக்கு வந்தது நில அளவையோடு. வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, 1809-ல் கன்னியாகுமரியைத் தொட்டது. கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதி நசுங்கிப் போனது. லாம்டன் அதைத் தம் கையாலேயே செப்பனிட்டு மீண்டும் வேலைக்குக் கொண்டுவந்தார். சமவெளியில் கோபுரம், மேற்கே மலை முகடு என்று உயரம் கண்ட இடமெல்லாம் அவர்கள் ஏறியதன் காரணம் ஒன்றே: ஓரிடத்தில் நாட்டிய கொடியையோ ஏற்றிய விளக்கையோ இன்னோர் இடத்திலிருந்து பார்த்தாக வேண்டும். முக்கோணத்துக்கு மூன்று முனை வேண்டும். தனி மலையால் அளவைக்காரனுக்கு ஒரு பயனும் இல்லை. கொடியும் விளக்கும் கண்ணுக்குத் தெரிகிற சைகைகள். பிரவுன் தேடிப் போனது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை.

அவர் தொங்கவிட்ட கருவி எப்படி வேலை செய்யும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முறுக்கேற்றாத பட்டு இழைகளில் கிடைமட்டமாகத் தொங்குகிறது ஒரு காந்தப் பட்டை. அது வடக்கு நோக்கி நிற்கிறது என்றுதான் நாம் சொல்வோம். ஆனால் அது நிற்பதே இல்லை. காலையில் ஒரு பக்கம் சற்றுத் திரும்பும், நண்பகலுக்குள் மறுபக்கம் போகும், மாலையில் பழைய இடத்துக்கு வரும். அசைவு ஒரு பாகையில் சிறு பங்குதான் என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது; தள்ளி நின்று தொலைநோக்கியில் அளவுகோலைப் பார்த்துத்தான் குறிக்க முடியும். பக்கத்தில் இரும்பு இருந்தால் கணக்குக் கெடும், அதனால் இப்படிப்பட்ட கட்டடங்களில் ஆணியைக்கூடச் செம்பில் அடிப்பார்கள். காற்று வீசினால் காந்தம் ஆடும், ஈரம் ஏறினால் பட்டு இழை தானே முறுக்கிக்கொள்ளும். ஆடி மாதச் சாரலும் ஐப்பசி அடைமழையும் மாறி மாறி அடிக்கிற, ஆண்டின் பெரும்பகுதி மேகத்துக்குள் மறைந்து கிடக்கிற ஓர் உச்சியில் பட்டு இழையை உலர்ந்த நிலையில் காப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்பதை, குற்றாலத்தில் ஒரு சாரல் காலம் முழுக்கத் துணி காயவைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். அங்கே மணிக்கு மணி இரவும் பகலும் அளவு எடுக்க வேண்டும். பிரவுன் பயிற்றுவித்த இந்திய உதவியாளர்களே இந்தக் காவலின் முதுகெலும்பு. அதே மணியில், நேர்கோட்டில் ஏறக்குறைய 35 கிலோமீட்டருக்கு அப்பால், திருவனந்தபுரத்தில் இன்னொருவர் இன்னொரு காந்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். மலையில் எடுத்த எண்ணைக் கீழே எடுத்த எண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அதற்கு அர்த்தம்.

சுமந்தவர்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரவுனின் பெயர் நின்றது. கல்லும் மரமும் கண்ணாடியும் தலையில் ஏற்றி அட்டைக்கடியோடு ஏறியவர்களின் பெயர் எவர் நாவிலும் இல்லை. இந்த மலையின் தடமும் தழையும் தெரிந்தவர்கள் காணிப் பழங்குடிகள். 1987-ல் தாவரவியலார் குழு ஒன்று அகத்திய மலை என்றும் சொல்லப்படும் இதே பொதிகைக் காட்டில் களைத்து நடந்தபோது, கூட வந்த காணிகள் களைப்புத் தெரியாமல் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே வந்தார்கள். அப்படித்தான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்தது. மலையில் நடந்த அறிவியலை எழுதும்போது மேலே நின்ற ஒருவரை மட்டும் படம் பிடிக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. கீழே விழித்திருந்தவரும் இடையில் சுமந்தவரும் படச்சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. காந்த ஊசியும் வானொலியும் ஒன்றா? பிரவுன் காலத்தில் வானொலி அலை என்ற ஒன்று யாருக்கும் தெரியாதே? தெரியாதுதான். ஆனால் அவருடைய காந்தத்தை நாள்தோறும் அசைத்தது எது என்று கேட்டால், விடை வானொலியின் வீட்டுக்கே கொண்டுபோய் விடுகிறது. 1882-ல் பால்ஃபர் ஸ்டூவர்ட் என்ற இயற்பியலாளர், காந்தத்தின் இந்த அன்றாட ஆட்டத்துக்குக் காரணம் வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஓடும் மின்னோட்டமாக இருக்கலாம் என்று எழுதினார். மேலே மின்சாரம் கடத்துகிற அடுக்கு ஒன்று இருக்கிறது என்பதற்கு அன்று கையில் இருந்த சான்று காந்த ஊசியின் அசைவுதான். 1901-ல் மார்க்கோனியின் சைகை அட்லாண்டிக்கைக் கடந்தபோது, வளைந்த பூமியைச் சுற்றி அலை எப்படிப் போனது என்று எல்லாரும் திகைத்தார்கள். மறு ஆண்டே கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே அந்த மேலடுக்கைக் காரணம் காட்டினார்கள். 1924-ல் ஆப்பிள்டன் அதை நேரடியாகச் சோதித்து நிறுவினார். இன்று அயனிமண்டலம் என்கிறோம். ஊசியை ஆட்டுகிற மின்னோட்டமும், சிற்றலையைத் திருப்பி அனுப்புகிற கண்ணாடியும் அந்த ஒரே மண்டலத்தில்தான் இருக்கின்றன. பிரவுன் இன்னொன்றும் கண்டார்: காந்தக் குழப்பங்கள் சுமார் 26 நாள்களுக்கு ஒரு முறை திரும்பி வருகின்றன, அது சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் காலத்தோடு ஒத்துப்போகிறது. இன்றைக்கும் ஹாம் வானொலிக்காரர்கள், இந்த வாரம் காந்தப் புயலால் அலைவரிசை செத்துப் போனால் ஏறக்குறைய 27 நாள் கழித்து மறுபடியும் அப்படி ஆகலாம் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் மலையின் பங்கும் தெளிவாகிறது. மிக உயர் அதிர்வெண் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை, அவற்றுக்கு உயரமே எல்லாம். கோடை பண்பலை கொடைக்கானல் மலையில் நின்று ஒலிபரப்பியதால்தான் தென்மாவட்டங்களின் டீக்கடைகள் வரை கேட்டது. பொதிகையின் உயரத்துக்கு வானொலித் தொடுவானம் ஏறக்குறைய 178 கிலோமீட்டர். அங்கிருந்து தூத்துக்குடி சுமார் 100 கிலோமீட்டர்தான், மேற்கே அரபிக்கடல் அதைவிடக் கிட்ட. ஆனால் கண்டம் தாண்டும் சிற்றலைக்குக் கதை வேறு. அது நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு மேலே போய்த் திரும்புகிறது. அந்தக் கணக்கில் இரண்டு கிலோமீட்டர் ஏறியது பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் ஏன் ஏற வேண்டும்? மின்கம்பி, மோட்டார், எல்.இ.டி. விளக்கு என்று ஊர் எழுப்புகிற மின்னிரைச்சல் அங்கே இல்லை. இரும்பில்லாத அறையைப் பிரவுன் தேடியதும் இரைச்சலில்லாத பாறையை வானொலிக்காரர் தேடுவதும் ஒரே தேவைதான்.

இங்கேயே இரண்டாம் மறுப்பும் வருகிறது. ஊசியை ஆட்டும் மின்னோட்டம் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிறது என்றால், இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத மலைமேல் ஏறி ஊசியைத் தொங்கவிட்டது வீண்வேலை ஆகிவிடாதா? பின்னால் வந்த நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். காந்த அசைவின் மூலம் தரைக்குள் இருக்கிறதா, தரையை ஒட்டிய காற்றில் இருக்கிறதா, அதற்கும் மேலே இருக்கிறதா என்று 1855-ல் ஒருவருக்கும் தெரியாது. உயரத்தோடு அசைவு மாறுகிறதா என்று பார்ப்பது அந்தக் கேள்விக்கு நேர்மையான வழி, அப்போது கையிலிருந்த வழியும் அதுவே. மூலம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் இரண்டு ஊசிகளும் வேறுவேறு கதை சொல்லும், வெகு தொலைவில் இருந்தால் ஒரே கதை சொல்லும். ஒன்று போலவே ஆடுகின்றன என்பதும் பெரிய செய்திதான். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு இடத்திலும் ஆள் வேண்டும்.

நிலையம் நீடிக்கவில்லையே என்பது மூன்றாவது மறுப்பு. உண்மை, சில ஆண்டுகள்தான். மழையும் காடும் சேர்ந்து தின்றுவிட்டன என்று சொல்வது எளிது. எனக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. 1865-ல் பிரவுன் இந்தியாவை விட்டுப் போனார். அதன்பிறகும் அளவுகள் குறிக்கப்பட்டன என்பதற்கு 1874-ல் லண்டனில் வெளியான அவருடைய நூலின் தலைப்பே சான்று: திருவனந்தபுரத்திலும் அகத்திய மலையிலும் 1852 முதல் 1869 வரை எடுத்த காந்த விலக்க அளவுகள் என்பது அதன் பெயர். கையில் இருந்த கணக்கையெல்லாம் ஒழுங்குபடுத்தி முடிப்பதற்குள் 1879-ல் அவர் இறந்துபோனார். எண்களுக்குக் குறைவில்லை, மேலதையும் கீழதையும் அருகருகே வைத்துப் பார்க்கிற மனிதர்தான் அந்த மண்ணில் இல்லாமல் போனார். பென் நெவிஸ் நிலையத்துக்கு அடிவாரத்துத் தந்தி இணைப்பும் 1890 முதல் கீழேயே ஓர் இணை நிலையமும் இருந்தும், 1904-ல் பணமில்லாமல் மூடினார்கள். மலை நிலையங்களைக் கொன்றது பெரும்பாலும் மலை இல்லை, கீழே அறுந்துபோன ஆதரவுதான்.

இது திருவிதாங்கூர் வரலாறு, திருநெல்வேலிக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்பவர்களும் உண்டு. பணமும் ஆளும் மேற்கிலிருந்து வந்தது உண்மை. உச்சிக்கு இன்று அனுமதி பெற்று ஏறும் வழியும் கேரளத்துப் போனக்காட்டிலிருந்துதான். ஆனால் முகட்டில் விழுகிற மழைக்கு எல்லைக்கோடு தெரியாது. கிழக்குச் சரிவில் பூங்குளத்தில் ஊறி, பாணதீர்த்தமாக விழுந்து, பாபநாசத்தில் சமவெளி கண்டு, புன்னைக்காயலில் கடல் சேர்கிற ஆற்றின் தலை இது. இந்தப் பள்ளத்தாக்கு அந்த உச்சியை எப்படி நினைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கயிலையில் சிவன் திருமணத்துக்கு எல்லாரும் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது, சமன்செய்ய அகத்தியரைப் பொதிகைக்கு அனுப்பினார்கள், கயிலைக் கல்யாணத்தை அவர் இங்கிருந்தே கண்டார் என்பது கதை. பாபநாசநாதர் கோயிலில் அந்தக் கல்யாணக் கோலம் இன்றும் இருக்கிறது. புராணத்தை அறிவியலுக்குச் சான்றாக நான் காட்டவில்லை. ஆனால் வடக்கே நடப்பதை அதே பொழுதில் தெற்கே ஒரு மலையில் நின்று அறிவது என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதில்லை. தூர்தர்ஷன் தன் தமிழ் அலைவரிசைக்குப் பொதிகை என்று பெயர் வைத்து, 2024 ஜனவரியில் அதை மாற்றும்வரை ஆண்டுக்கணக்கில் நாமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பதுதான் கடைசியாக வரும் கேள்வி, கனமானதும் அதுவே. பொழுதுபோக்கு என்ற சொல்லை வைத்தே ஹாம் வானொலியைத் தள்ளிவிடுவார்கள். வரலாறு அப்படித் தள்ள விடாது. 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளம் தொலைதூரத்துக்கு உதவாது என்று எண்ணி அந்தப் பகுதியை அமெச்சூர்களுக்கு ஒதுக்கினார்கள். 1923 நவம்பரில் 100 மீட்டர் அளவில் அட்லாண்டிக்கின் இரு கரையும் பேசிக்கொண்டதை நடத்திக் காட்டியவர்கள் அந்த அமெச்சூர்களே. சென்னையில் 1924 மே மாதம் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அரசு ஒலிபரப்பு வருவதற்கு முன்னாலேயே அந்த ஜூலை முடிவில் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் அங்கே வந்திருந்த ஹாம் குழு போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பும் வேலையில் இறங்கியது. அவர்கள் கூப்பிட்ட குரலுக்கு நாட்டுக்குள் பதில் சொல்லக் காத்திருந்த நிலையங்கள் இருந்ததால்தான் அது உதவியாயிற்று.

நம் பக்கத்துக்கே வருவோம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, மின்சாரம் போனது, பல இடங்களில் கைப்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் திருவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் நாலாபக்கமும் வெள்ளம் சூழ இரவும் பகலும் சிக்கிக் கிடந்தார்கள். பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை நீண்ட இந்த ஒற்றைப் பள்ளத்தாக்கில், மேட்டில் ஒரு கருவியும் கீழே ஊருக்கு ஒரு காதும் முன்கூட்டியே பழகி வைத்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழகி வைப்பது என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். எந்தக் குன்றிலிருந்து எந்த ஊருக்கு அலை எட்டும், எந்த நேரத்தில் எது செத்துப்போகும் என்பது வெள்ளத்தன்று கற்றுக்கொள்ளும் பாடமில்லை. ஞாயிற்றுக்கிழமை குன்றேறிப் பேசிப் பழகிய பொழுதுபோக்குக்காரருக்கே அது கைவரும். இதற்காகப் பொதிகைக்குத்தான் ஏற வேண்டும் என்றும் இல்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உள்காட்டை விளையாட்டுக்காகத் திறந்துவிடச் சொல்வது தவறு. ஆற்றின் உயிர் அந்தச் சோலைக்காட்டில் இருக்கிறது. மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்கினவருக்குப் பாளையங்கோட்டையின் ஒரு மொட்டைமாடியும் ஊர்ப்புறத்துச் சின்னப் பொத்தையும் போதும்.

பிரவுனின் வேலை இந்தப் பள்ளத்தாக்கில் வேறு உருவத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியே போகிறது. அதன் மேலே ஏறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் முழுக்க ஒரு மின்னாறு ஓடுகிறது. 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கு அந்த இடம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதே காரணம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. 1992 முதல் அங்கே ஒரு ராடார் 1.98 மெகாஹெர்ட்ஸில், ஹாம் வானொலியின் 160 மீட்டர் அலைவரிசையை ஒட்டினாற்போல, மேல்வளியின் காற்றோட்டத்தை அளந்து வந்திருக்கிறது. பக்கத்திலேயே காந்தமானி. அந்தக் காந்தமானியின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மின்னாற்றின் வலிமையைச் சொல்லிவிட முடியாது. உலகம் முழுக்க நடக்கிற ஆட்டமும் அதில் கலந்திருக்கும். அதனால் மும்பைக்கருகே ஆலிபாக்கில், கொலாபா காந்த ஆய்வு நிலையம் மின்சார டிராமுக்கு ஒதுங்கி 1904-ல் இடம்பெயர்ந்த அந்த ஊரில், அதே நேரத்தில் பதிவான எண்ணை எடுத்து, திருநெல்வேலி எண்ணிலிருந்து கழிக்கிறார்கள். கழித்து மிஞ்சுவதுதான் அன்றைய மின்னாறு.